கட்டிக்கும் ரத்தத்துக்கும் ஒரே மருந்து எப்படி?

அம்மாவுக்கு மூட்டுவாதம். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயர் மெத்தோட்ரெக்சேட். போன வருடம் மருந்துக் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தலையில் முடி இல்லை, வாயில் முகக்கவசம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது என்று அவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. கடைக்காரர் அவரிடம் எடுத்துக் கொடுத்த அட்டையும், அடுத்து அம்மாவிடம் கொடுத்த அட்டையும் ஒன்றே.

வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. வந்ததும் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கும் இதே மாத்திரைதான். எனக்கு என்ன வியாதின்னு நீ மறைக்கிறியா?"

மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் புரியும்படி பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதோடு இன்னொரு நினைவும் சேர்ந்துகொண்டது. இருபது வருடங்களுக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த என் அத்தையின் பழைய கோப்பிலும் இதே பெயரைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் வரும் புற்று ஒன்று, மார்பில் கட்டியாக வரும் புற்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள்? முதன்முதலில் யார், எந்தத் தைரியத்தில் கொடுத்துப் பார்த்தார்கள்? தேடிப் படித்தபோது ஜேன் குக் ரைட் என்ற அமெரிக்க மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு கேள்விகளுக்கும் அவருடைய வேலையை வைத்தே பதில் சொல்லலாம்.

முதலில் நோயைப் பார்ப்போம். ரத்தப் புற்று என்றதும் ரத்தத்தில் ஏதோ கெட்ட சரக்கு கலந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் தொடங்குகிறது. ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் அது. அங்கே ஒரு வெள்ளணு, முதிர்ந்து தன் வேலைக்குப் போகாமல், பிஞ்சாகவே நின்று பிரிந்துகொண்டே இருக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மஜ்ஜை முழுவதும் பிஞ்சுகளால் நிரம்பிவிடுகிறது. நல்ல அணுக்கள் உருவாக இடமில்லை. சிவப்பணு குறைவதால் சோகை, தட்டணு குறைவதால் ரத்தக் கசிவு, உருப்படியான வெள்ளணு இல்லாததால் ஓயாத காய்ச்சல். மார்பகப் புற்று பெரும்பாலும் பால் வரும் குழாய்களின் உட்பூச்சுச் செல்களில் தொடங்குகிறது. அங்கேயும் நடப்பது இதுதான்: நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் செல்கள் பிரிகின்றன. ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் அது கையில் கட்டியாகத் தட்டுப்படுகிறது. அப்புறம் சில செல்கள் கழன்று அக்குளில் இருக்கும் நெறிக்கும் (நிணநீர் முடிச்சு), எலும்புக்கும், நுரையீரலுக்கும் போகின்றன.

ஆக, ஒன்று ஓடுகிற ரத்தத்திலும் இன்னொன்று ஓரிடத்தில் கட்டியாகவும் இருந்தாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது விடாமல் பிரியும் செல். பிரிவதற்குத் தேவையான சரக்கை மறித்துவிட்டால் இரண்டையும் தடுக்கலாம் அல்லவா? மெத்தோட்ரெக்சேட் செய்வது அதைத்தான்.

எப்படி மறிக்கிறது என்பதற்கு வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் இரண்டாவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். டி.என்.ஏ. நான்கு விதமான எழுத்துகளால் ஆனது. அவற்றில் ஒன்று தைமின். தைமினைச் செய்ய ஒரு சின்னக் கார்பன் துண்டு வேண்டும். அந்தத் துண்டைச் சுமந்து வந்து இறக்குவது ஃபோலிக் அமிலம், அதாவது கீரையிலும் பயறிலும் இருக்கும், கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் அதே வைட்டமின். சுமையை இறக்கியதும் அது காலி கேன். அந்தக் காலி கேனை மறுபடி நிரப்பத் தயாராக்கும் எந்திரம் ஒன்று செல்லுக்குள் இருக்கிறது. அது ஒரு நொதி. நிரம்பிய கேன் திரும்பப் போய் இன்னொரு தைமினுக்குச் சரக்கு கொடுக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறவரை வேலை நிற்காது.

மெத்தோட்ரெக்சேட் பார்வைக்கு அச்சு அசல் ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் ஒரு போலிக் கேன். நொதி அதை நிஜ கேன் என்று நம்பிப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை எளிதில் விடுவதும் இல்லை. எந்திரத்தின் வாயில் போலி சிக்கிக்கொண்டதால், பின்னால் காலி கேன்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. தைமின் வரத்து நின்றுபோகிறது. படியெடுப்பு பாதியில் அறுந்த செல் செத்துப்போகிறது.

இந்த மருந்துக்கு எது புற்று, எது நல்ல செல் என்று தெரியாது. வேகமாகப் பிரிகிற எதையும் அது தாக்கும். வாயின் உட்பூச்சு சில நாட்களில் புதுப்பித்துக்கொள்ளும் பகுதி; அங்கே புண் வருகிறது. குடல் புண்ணானால் பேதி. முடியின் வேர் பாதித்தால் முடி உதிர்கிறது. மஜ்ஜை பாதித்தால் அணுக்களின் எண்ணிக்கை விழுகிறது. கீமோவின் பக்க விளைவுகள் என்று நாம் பயப்படுகிற பட்டியலில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த ஒன்றுதான். அத்தைக்கு வாய்ப்புண் வந்து மோர்ச்சாதம்கூட இறங்காமல் தவித்த நாட்களில் யாராவது இதை எங்களுக்குச் சொல்லியிருந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் பயந்திருக்க மாட்டோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தப் போலிக் கேன் எங்கிருந்து வந்தது? அதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும். காந்தி அழைத்தார் என்று அறுவை அறைக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார், அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அவர் அமெரிக்கா போய், பின்னாளில் நியூயார்க் பக்கத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். 1940-களின் நடுவில் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதன் மூலக்கூறில் அங்கங்கே சிறு மாற்றம் செய்தபோது, வைட்டமினைப் போலவே தோன்றி வைட்டமினுக்கு எதிராக வேலை செய்யும் பொருட்கள் கிடைத்தன. அமினோப்டெரின் முதலில் வந்தது. அமெத்தோப்டெரின் அதன் தம்பி. அந்தத் தம்பிக்கு இன்று வழங்கும் பெயர்தான் மெத்தோட்ரெக்சேட்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் நோயியல் மருத்துவர், லூக்கேமியா, அதாவது ரத்தப் புற்று, வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஃபோலிக் அமிலத்தையே கொடுத்துப் பார்த்திருந்தார். சோகைக்கு நல்லது செய்கிற வைட்டமின் இதற்கும் உதவும் என்று எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறு, நோய் வேகமெடுத்த மாதிரி இருந்தது. வைட்டமின் நோயை வளர்க்கிறது என்றால், வைட்டமினைத் தடுப்பது நோயைத் தடுக்க வேண்டும். லெடர்லேயிலிருந்து அமினோப்டெரின் வரவழைத்தார். 1948 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று இருந்தது. அதுவரை ரத்தப் புற்று வந்த பிள்ளையைச் சில வாரங்களில் பறிகொடுத்துக்கொண்டிருந்த காலம். ஆனால் கட்டுரையின் தலைப்பிலேயே "தற்காலிக" என்ற சொல்லை அவர் சேர்த்திருந்தார். மாதங்கள் கழித்து நோய் திரும்பியது. சுப்பாராவ் அந்த ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் இறந்துவிட்டார்.

சரி, ரத்தத்துக்கு வழி கிடைத்தது. கட்டிக்கு?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி கறுப்பின மக்கள் செறிந்து வாழும் இடம். அங்கிருந்த நகராட்சி மருத்துவமனையில் நியமனம் பெற்ற முதல் கறுப்பின மருத்துவர் லூயி ரைட், முன்பு சொன்ன ஜேன் குக் ரைட்டின் அப்பா. ஹார்வர்டில் 1915-இல் மருத்துவம் முடித்தவர். லூயியின் தந்தை அடிமையாகப் பிறந்து மருத்துவரானவர். ஆக, ஜேன் அந்தக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை டாக்டர். லூயி முதல் உலகப் போரில் பிரான்சில் விஷவாயுவில் சிக்கி, வாழ்நாள் முழுக்கக் கெட்டுப்போன நுரையீரலோடு வாழ்ந்தார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. லெடர்லேயின் மருந்துகளோடு வேறொரு வகை மருந்தும் அன்று சோதனையில் இருந்தது. போரில் பயன்பட்ட கடுகு வாயு வெள்ளணுக்களை அழிப்பதைக் கவனித்து, அதன் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். லூயியைத் தாக்கியது அதே வாயு இல்லை, ஃபாஸ்ஜீன். ஆனாலும் போர் வாயுவின் வழியில் வந்த மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறவர்களில் அவரும் ஒருவரானார்.

1919 நவம்பரில் பிறந்த ஜேன், ஸ்மித் கல்லூரியில் முதலில் ஓவியம் படிக்கத்தான் ஆசைப்பட்டார். பிறகு மருத்துவத்துக்கு மாறினார். முழு உதவித்தொகையோடு நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1945-இல் முடித்தார். பெல்வியூ மருத்துவமனையில் பயிற்சி, பிறகு ஹார்லெமில். திருமணம், இரண்டு பெண் குழந்தைகள். சிறிது காலம் நியூயார்க் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவராக இருந்தார். 1949-இல், அப்பா ஹார்லெமில் தொடங்கியிருந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். அப்பா ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள, மகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் புற்றுக்கு வைத்தியம் என்றால் கத்தி அல்லது கதிர். மருந்து என்பது இரண்டும் கைவிட்ட பிறகு, கடைசிக் கட்டத்தில், வேறு வழியில்லாமல் கொடுத்துப் பார்ப்பது. பல பெரிய டாக்டர்களே அதை நம்பவில்லை. ரத்தப் புற்றில் வெட்டி எடுக்க எதுவும் இல்லாததால் அங்கே மருந்துக்கு இடம் கிடைத்தது. கட்டிக்குள் மருந்து போய் வேலை செய்யும் என்று நம்ப ஆதாரம் இல்லை.

1951-இல் ஜேன், அவருடைய தங்கை பார்பரா, அப்பா, இன்னும் இரண்டு சக மருத்துவர்கள் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். குணப்படுத்த முடியாது என்று முடிவான, பலவகைப் புற்றுகள் உள்ள 93 பெரியவர்களுக்கு ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்து என்ன நடந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். மார்பகப் புற்று உள்ளவர்களில் சிலருக்குக் கட்டி சுருங்கியது. லூக்கேமியாவுக்கென்று வந்த மருந்து மார்பகக் கட்டியையும் தொடும் என்று தெரிந்தது இப்படித்தான். அமெரிக்காவின் கறுப்பின மருத்துவர்கள் நடத்திவந்த சங்கத்தின் இதழில் அது வெளியானது. பெரிய இதழ்களை மட்டும் படித்தவர்கள் எத்தனை பேர் அன்றே அதைக் கவனித்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சிலருக்குச் சுருங்கியது என்றால் மற்றவர்களுக்குச் சுருங்கவில்லை என்றும் பொருள். ஜேன் ரைட்டின் மீதி வாழ்க்கை முழுவதும் இந்த இடத்தைச் சுற்றியே ஓடியது என்று நான் சொல்வேன். ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இருவரில் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு வாய்ப்புண் மட்டும் மிச்சம். ஏன்? கொடுப்பதற்கு முன்பே யாருக்கு எது வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

1952-இல் அப்பா இறந்தார். 33 வயதில் ஜேன் அந்த மையத்துக்குத் தலைவரானார். 1955-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே கீமோ ஆராய்ச்சியை நடத்தினார். அங்கே அவர் செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். செல் உயிரியல் அறிஞரான ஜூவல் பிளம்மர் காப், இந்தத் திசு வளர்ப்பு வேலையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்; அவரும் ஒரு கறுப்பினப் பெண்.

நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, ஆய்வகத்தில் ஊட்டம் கொடுத்து உயிரோடு வளர்ப்பார்கள். திசு வளர்ப்பு என்று இதற்குப் பெயர். வளர்ந்த திசுவின்மேல் ஒரு மருந்தைப் போட்டு, செல்கள் சாகின்றனவா, சாகாமல் பிரிகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதே மருந்தை அதே நோயாளிக்கும் கொடுப்பார்கள். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்: கண்ணாடிக்குள் செத்த செல், உடம்புக்குள்ளும் செத்ததா? 1957-இல் இந்த ஒப்பீட்டை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜேன் ரைட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்னால் மருந்துகளைப் பெரும்பாலும் எலிக்குப் புற்றை உண்டாக்கி அதில்தான் சோதித்தார்கள். எலியின் புற்று எலியின் புற்றுதான். இன்னாருடைய கட்டிக்கு இன்ன மருந்து என்று அது சொல்லாது. மனிதரின் கட்டியையே எடுத்து அதனிடமே கேட்பது எவ்வளவு நியாயமான யோசனை! ஆனால் கண்ணாடித் தட்டுக்குள் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. உடம்புக்குள் மருந்து உடைபடும், கழிந்துபோகும், சில இடங்களுக்குப் போய்ச் சேராமலே போகும். எல்லாத் திசுவும் தட்டில் வளரவும் வளராது. அதனால் இந்த முறை எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் பரவிய பரிசோதனையாக மாறவில்லை. கேள்வி மட்டும் நின்றது. இன்று மார்பகத்திலிருந்து சதைத் துண்டு எடுத்ததும், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கான ஏற்பி (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இருக்கிறதா, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இருக்கிறதா என்று சோதித்து, முடிவு வந்த பிறகே மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். பார்க்கும் முறை வேறு. ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கட்டி எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதில், ஹார்லெமிலும் நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் அந்த இரண்டு பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நுண்ணோக்கியின் நினைவு எனக்கு வருகிறது.

மருந்தின் அளவிலும் அவர் இதே கவனத்தோடு இருந்தார். நோயாளியிடம் நச்சின் அறிகுறிகள் தெரிகின்றனவா என்று பார்த்துப் பார்த்து அளவையும் வரிசையையும் மாற்றினார். வாய்ப்புண், அணுக்களின் எண்ணிக்கை போன்ற அறிகுறிகள் இதற்கு வழிகாட்டின. மருந்து வேலை செய்யும் அளவுக்கும் ஆளை விழுத்தும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கீமோவில் மிகவும் குறுகியது. அதனால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு தவணைக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். அப்படித் திருப்பி அனுப்பும்போது வீட்டில் உள்ளவர்கள் கலங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கலங்க வேண்டாம். மஜ்ஜைக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு முயற்சி, மருந்தை உடம்பு முழுக்க ஓடவிடாமல் கட்டி இருக்கும் உறுப்புக்கே மெல்லிய குழாய் வழியாகச் செலுத்துவது. சிறுநீரகம், மண்ணீரல் போன்ற எட்ட முடியாத இடங்களுக்கு அவர் அதைச் செய்துபார்த்தார். 1960-இல் மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ் என்ற, தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றிலும் மெத்தோட்ரெக்சேட் உதவும் என்று காட்டினார்.

இங்கே ரெமிஷன் என்ற சொல்லைப் புரிந்துகொள்வது நல்லது. டாக்டர்கள் அடிக்கடி சொல்வார்கள், நாம் அதைக் "குணமாகிவிட்டது" என்று கேட்டுக்கொள்வோம். ரெமிஷன் என்றால் நோய் அடங்கியிருக்கிறது, தேடினால் அகப்படவில்லை அல்லது குறைந்திருக்கிறது என்று பொருள். கோடிக்கணக்கான செல்களில் மருந்துக்கு மசியாத சில செல்கள் தப்பிவிடும். சில செல்கள் போலிக் கேனை உள்ளே விடும் கதவை மூடிக்கொள்ளும். சில, நிரப்பும் எந்திரத்தையே கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளும். தப்பியவை பெருகும்போது நோய் திரும்புகிறது. இந்த முறை பழைய மருந்து பலிக்காது. ஃபார்பர் மருந்து கொடுத்த பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான்.

இதற்குக் கண்ட வழி, வெவ்வேறு இடத்தில் அடிக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது. ஒன்றிடம் தப்பும் செல் இன்னொன்றிடம் மாட்டும். பக்க விளைவுகளும் வெவ்வேறாக இருந்தால் உடம்பு தாங்கும். ஜேன் ரைட் கட்டிகளில் இதை முயன்றவர்களில் ஒருவர். லூக்கேமியாவில் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இருவர் நான்கு மருந்துகளை ஒருசேரக் கொடுத்தார்கள். அதில் மெத்தோட்ரெக்சேட்டும் ஒன்று. மார்பகப் புற்றில் பெரிய திருப்பம் இத்தாலியின் மிலான் நகரத்திலிருந்து வந்தது. அறுவை முடிந்து, கண்ணுக்கு எந்தக் கட்டியும் மிஞ்சாத, ஆனால் அக்குள் நெறிவரை நோய் போயிருந்த பெண்களுக்கு ஜியானி பொனடோனாவின் குழு மூன்று மருந்துகளைக் கொடுத்தது: சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃப்ளூரோயூராசில். முதல் எழுத்துகளைச் சேர்த்து சி.எம்.எஃப். 1976-இல் முடிவு வெளிவந்தது. 27 மாதத்தில் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மூன்று மருந்துகளும் எடுத்தவர்களில் 5.3 சதவீதம் பேருக்குத்தான்.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்குக் கீமோ?" என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கத்தி கண்ணுக்குத் தெரிவதைத்தான் எடுக்கும். அதற்கு முன்பே கழன்று போய்விட்ட, எந்த ஸ்கேனிலும் தெரியாத செல்களைத் தேடிப் போவது மருந்து.

அந்த மூன்று எழுத்துகளைத்தான் அத்தையின் கோப்பில் பார்த்திருக்கிறேன். சி என்பது நைட்ரஜன் மஸ்டர்டின் பேத்தி. எஃப் என்பது நம் தண்ணீர் கேன் கதையில், கேன் சுமையை இறக்கும் இடத்தை மறிப்பது. எம் நிரப்பும் இடத்தை மறிக்கிறது. இன்று மார்பகப் புற்றுக்குப் புது மருந்துகள் வந்து சி.எம்.எஃப். பெரும்பாலும் பின்னுக்குப் போய்விட்டது. குழந்தைகளின் லூக்கேமியாவில் மட்டும் மெத்தோட்ரெக்சேட் இன்னும் அசையாமல் நிற்கிறது. மருந்துக் கடையில் பார்த்த பையனைப் போன்றவர்கள், நோய் அடங்கிய பிறகும் இரண்டு வருடங்களுக்கு மேல் வாராவாரம் அதைச் சாப்பிடுகிறார்கள், தப்பிய செல் ஒன்றுகூடத் தலைதூக்கக் கூடாது என்று. வசதியுள்ள நாடுகளில் அந்தப் பிள்ளைகளில் 10 பேரில் 9 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் ஜேன் ரைட் செய்தவை உண்டு. 1964 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு ஹோட்டலில் ஏழு மருத்துவர்கள் கூடி, புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருந்தை யார் எப்படிக் கொடுப்பது என்று ஒழுங்கே இல்லாத காலம் அது. ஏழு பேரில் ஒரே பெண் ஜேன். ஒரே கறுப்பினத்தவரும் அவரே. முதல் செயலாளர், பொருளாளர் பொறுப்பும் அவருக்கு. அந்தச் சங்கம்தான் இன்று உலகம் முழுவதும் பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம். அதே ஆண்டு, இதயநோய், புற்றுநோய், பக்கவாதம் பற்றி ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த குழுவிலும் அவர் இருந்தார். பெரிய ஊரில் கிடைக்கும் சிகிச்சை மற்ற ஊர்களுக்கும் எட்ட, வட்டார மையங்களை அமைக்க அந்தக் குழு பரிந்துரைத்தது. 1961-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மருத்துவக் குழுவோடு போய்வந்தார். 1967-இல் தான் படித்த நியூயார்க் மருத்துவக் கல்லூரியிலேயே பேராசிரியராகவும் இணை முதல்வராகவும் பொறுப்பேற்றார். கறுப்பின மருத்துவர்களே விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில், அந்த இனத்துப் பெண் ஒருவர் பெயர்பெற்ற ஒரு மருத்துவக் கல்லூரியில் அவ்வளவு உயர்ந்த பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. 1971-இல் நியூயார்க் புற்றுநோய்ச் சங்கத்தின் முதல் பெண் தலைவர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். 1987-இல் ஓய்வு பெற்றார். 2013 பிப்ரவரியில், 93 வயதில் இறந்தார்.

அம்மாவுக்கு இத்தனையும் சொல்லவில்லை. தண்ணீர் கேன் கதையைச் சொன்னேன். உன் வியாதி புற்று இல்லை, மூட்டுவாதத்தில் உன் எதிர்ப்புச் சக்தி வழி தவறி உன் மூட்டையே தாக்குகிறது, இந்த மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் அந்தச் சக்தி அடங்குகிறது என்றேன். "அப்ப அந்த ஃபோலிக் மாத்திரை எதுக்கு?" என்று கேட்டாள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத நாளில் சாப்பிடச் சொல்லி டாக்டர் அதையும் எழுதியிருந்தார். வாயும் குடலும் மஜ்ஜையும் பட்டினி கிடக்காமல் இருக்கக் கொஞ்சம் நிஜ கேன் என்று சொன்னேன். அது அவளுக்கு உடனே பிடிபட்டது.

ஒன்றை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னேன், இதைப் படிக்கும் மூட்டுவாதக்காரர்களுக்கும் சொல்கிறேன்: மூட்டுவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடும் மருந்து. மறந்துபோய்த் தினமும் சாப்பிட்டால் மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அம்மா எழுந்து போய் நாட்காட்டியில் வரும் புதன்கிழமைகளையெல்லாம் பேனாவால் வட்டமிட்டாள். பிறகு மஞ்சள் மாத்திரை அட்டையை ஒரு டப்பாவிலும், ஃபோலிக் அட்டையை இன்னொரு டப்பாவிலும் போட்டு, சாமி அலமாரிக்குக் கீழே தள்ளித் தள்ளி வைத்தாள். "அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்குன்னு அடுத்த தடவை போறப்ப கடைக்காரர்கிட்ட கேளு" என்றாள்.